பயணமா, வேலையா, பதிலா, கணக்கா, கருத்தா: தொழில்முனைவோர் வலைப்பூவில் எதை எழுதுவது?

புதிதாகத் தொழில் தொடங்கிய யாருடைய இணையதளத்தைத் திறந்தாலும் "எங்களைப் பற்றி" பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான் இருக்கும். தரத்தில் சமரசம் இல்லை, வாடிக்கையாளரே எங்கள் முதல் அக்கறை, செய்யும் தொழிலை உயிராக நேசிக்கிறோம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே தூக்கம் கெட்டு உழைக்கிறவர்கள்தான். ஆனால் அந்த உழைப்பும் பிடிப்பும் படிக்கிறவருக்குப் போய்ச் சேருவதே இல்லை, ஏனென்றால் போட்டியாளரும் அதே வாசகத்தைத்தான் போட்டிருக்கிறார்.

2009-ல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் சியாவ்-பிங் சென், சின் யாவ், சுரேஷ் கோதா மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொழில்முனைவோர் தங்கள் திட்டத்தை முதலீட்டாளர்கள் முன் எடுத்து வைக்கும்போது எது அவர்களைப் பணம் போட வைக்கிறது என்பதுதான் கேள்வி. குரலிலும் முகத்திலும் கையசைவிலும் தெரிகிற உற்சாகமா, இல்லை பேச்சில் தெரிகிற தயாரிப்பா? முடிவை நகர்த்தியது தயாரிப்புதான், உற்சாகம் அப்படி எதையும் நகர்த்தவில்லை. இது முதலீட்டாளர்களைப் பற்றிய ஆய்வு, வாசகர்களைப் பற்றியது இல்லை, சரி. ஆனாலும் எழுத்துக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். நேரில் பேசும்போதாவது முகத்தில் இருக்கும் பிரகாசம் தெரியும், எழுத்தில் அதுவும் கிடையாது. நீங்கள் உங்கள் தொழிலை எவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான் படிக்கிறவர் கையில் இருக்கும் சாட்சி. இந்த வேலையோடு வருஷக்கணக்கில் கிடந்தவர் கண்ணில் மட்டுமே படக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டால், ஈடுபாடு என்ற சொல்லையே எழுத வேண்டியதில்லை.

அதனால் வலைப்பூ தொடங்கலாமா வேண்டாமா என்பதைவிட, எந்த மாதிரி எழுதினால் அந்த நுணுக்கம் உங்களிடமிருந்து தானாக வரும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். தொழில்முனைவோர் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து வழிகளுக்குள் அடங்கிவிடும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்தில் எட்டுப் பேருக்கு வேலைக் குறிப்பும் (அதாவது, செய்கிற வேலையின் நுணுக்கத்தை எழுதுவதும்) வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதிலும்தான் சரிப்பட்டு வரும். மற்ற மூன்றும் சிலருக்குத்தான், அதுவும் சில நேரங்களில்தான்.

பயணக் கதை

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எப்படித் தொடங்கினேன், இருந்த வேலையை விட்டபோது வீட்டில் என்ன சொன்னார்கள், முதல் ஆர்டர் எப்படி வந்தது, எந்தக் கட்டத்தில் மூடிவிடலாம் என்று தோன்றியது. எழுதுவது சுலபம், விஷயம் ஏற்கெனவே மனசுக்குள் இருக்கிறது. படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒருவருக்குத் தொடங்கிய கதை ஒன்றுதான் இருக்க முடியும், அதை மூன்று நான்கு பதிவுகளுக்கு மேல் நீட்ட முடியாது. அப்புறம் அந்த வலைப்பூ மெல்ல மெல்ல அறிவிப்புப் பலகையாகிவிடும்: புது அலுவலகம், ஒரு விருது, குழுவாக நின்று எடுத்த படம். இதிலெல்லாம் எழுதியவருக்குப் பெருமை இருக்கிறது, படிக்கிறவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இந்த வழியில் உருப்படியாக எழுதியவர் ராண்ட் ஃபிஷ்கின். தேடுபொறிகளைப் பற்றிய வலைப்பூவாக ஆரம்பித்து மென்பொருள் நிறுவனமாக வளர்ந்தது அவருடைய எஸ்.இ.ஓ.மாஸ். 2011-ல் 2.4 கோடி டாலர் முதலீடு வருவதாக இருந்து கடைசி நேரத்தில் கைநழுவியது. அதை அவர் பூசி மெழுகாமல், நிறுவனத்தின் எண்களையும் சேர்த்தே எழுதினார். தன்னை வாட்டிய மனச்சோர்வைப் பற்றியும், 2014-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, எழுதினார். இரண்டுமே பயணக் கதைகள்தான். ஆனால் இரண்டிலும் இன்னொரு தொழில்முனைவோர் தன் நிலைமையோடு வைத்துப் பார்த்துக்கொள்ள விஷயம் இருந்தது. உங்கள் கதையில் அப்படி இன்னொருவருக்குப் பயன்படும் இடம் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள், மீதியை "எங்களைப் பற்றி" பக்கத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

வேலைக் குறிப்பு

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பை தைத்து விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு பையையும் அக்கறையோடு, நுணுக்கமாகத் தைக்கிறோம். உறுதிதான் எங்கள் அடையாளம்." இல்லையென்றால் இப்படி எழுதலாம்:

"பை முதலில் கிழிவது அடியில் இல்லை, தோள்வார் பையோடு சேருகிற இடத்தில்தான். அங்கே ஒரு கட்டம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு தையல் போடுகிறோம். இழுப்பு ஒரே கோட்டில் விழாமல் பரவிவிடும். தையலை இன்னும் நெருக்கிப் போட்டால் இன்னும் உறுதியாக இருக்கும் என்று தோன்றும், தோல் பையில் அது நேர்மாறாகத்தான் முடியும். ஊசித்துளைகள் நெருக்கமாக வரிசை கட்டி நின்றால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே பிரிந்து வந்துவிடும். அதனால் தோலுக்குத் தடித்த நூலில் இடைவெளி விட்ட தையல். பழுது என்று திரும்பி வருகிற பையில் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான்."

இரண்டாவதில் அக்கறை என்ற சொல்லே இல்லை. ஆனால் அதைப் படித்தவர் அடுத்த தடவை எங்கே பை வாங்கினாலும் தோள்வார் சேருகிற இடத்தைத் திருப்பிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் நினைவுக்கு வருவார். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் இந்த மாதிரி ஒரு இடம் கிடைப்பது கஷ்டம்.

இதைப் பத்து வருஷம் விடாமல் செய்து காட்டியவர் ஜோயல் ஸ்போல்ஸ்கி. 2000-ல் நிரலாளர்களுக்காக ஒரு வலைப்பூவைத் தொடங்கினார், அதே ஆண்டு ஃபாக் கிரீக் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் தொடங்கினார். நிறுவனத்துக்குப் புது அலுவலகம் அமைத்ததைப் பற்றி அவர் எழுதியதைப் பாருங்கள். "ஊழியர்களை மதிக்கிறோம்" என்று ஒரு வரியில் முடிக்கவில்லை. நிரல் எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய தனி அறை ஏன் வேண்டும், ஜன்னல் ஏன் வேண்டும் என்று வாதாடினார். புதிதாக ஒரு கருவியைச் செருக மேசைக்கு அடியில் தவழ்ந்து போகாமல் இருக்க மின் இணைப்புகள் மேசை உயரத்திலேயே இருக்க வேண்டும் என்பதுவரை எழுதினார். மின் இணைப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று யோசிக்கிற முதலாளியிடம் வேலை செய்ய யாருக்குத்தான் பிடிக்காது! வேலை தேடுகிறவர்களும் அவருடைய மென்பொருளை வாங்கக்கூடியவர்களும் அந்த ஒரே வாசகர் கூட்டத்திலேயே இருந்தார்கள். 2008-ல் ஜெஃப் அட்வுட் என்ற இன்னொரு வலைப்பதிவரோடு சேர்ந்து நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது, முதல் நாளே வந்து கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் இரண்டு வலைப்பூக்களின் வாசகர்களும் தயாராக இருந்தார்கள்.

ஆனால் ஸ்போல்ஸ்கிக்கு ஒரு வசதி இருந்தது, அதைக் கவனிக்காமல் பின்பற்றினால் ஏமாற்றம்தான். அவர் நிரலாளர், எழுதியது நிரலாளர்களுக்கு, விற்றதும் நிரலாளர்களுக்கு. உங்கள் வாடிக்கையாளர் உங்கள் தொழிலைச் செய்யாதவர் என்றால், வேலைக் குறிப்பு சக தொழில்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடும். அதுவும் வீண் இல்லை, நாளைக்கு வேலைக்கு ஆள் தேடும்போது உதவும். ஆனால் வாங்குகிறவரையும் உள்ளே கொண்டுவர வேண்டுமானால் ஒவ்வொரு குறிப்பும் அவர் கையில் வந்து முடிய வேண்டும். தையல் ஊசியின் எண்ணைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் கடைசியில் அவர் பையில் அது எங்கே தெரியும் என்று காட்டிவிட வேண்டும்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான பயம்தான், ஆனால் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. மேலே சொன்ன தையல் விஷயம் போட்டியாளருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது வாடிக்கையாளருக்குத்தான். சரக்கு தருகிறவர் பெயர், பேசி முடித்த விலை, கலவை விகிதம், வாடிக்கையாளரின் சொந்த விவரம் இவற்றை வெளியே விடாதீர்கள், மற்றதைத் தாராளமாக எழுதலாம்.

சேவைத் தொழில் செய்கிறவர்கள் "எங்களிடம் காட்டுவதற்குப் பொருளே இல்லையே" என்பார்கள். கணக்குத் தணிக்கை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, ஆலோசனை எதுவாக இருந்தாலும் அங்கே முடிவுகள் இருக்கின்றன. ஒரு வேலையை ஏன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள், மூன்று வடிவங்களில் இரண்டை ஏன் தூக்கிப் போட்டீர்கள், வாடிக்கையாளர் கேட்டதைச் செய்யாமல் வேறு ஒன்றைச் செய்யச் சொன்னதற்கு என்ன காரணம். யார் என்று தெரியாதபடி எழுதினால் போதும். கைவினைப் பொருளைவிட இந்த மாதிரிக் குறிப்புகளில்தான் ஒருவருடைய மனசு இன்னும் நன்றாகத் தெரியும் என்றுகூடச் சொல்வேன்.

கேட்ட கேள்விக்குப் பதில்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீச்சல்குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்ற நிறுவனம், 2008 பொருளாதார நெருக்கடியில் ஏறக்குறைய மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. வீட்டுக் கடனே கட்ட முடியாத நேரத்தில் யார் நீச்சல்குளம் கட்டுவார்கள்? அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன் 2009-ல் ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர்கள் வாய்விட்டுக் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் தலைப்பாக வைத்து, நேர்மையாகப் பதில் எழுதுவது என்று. முதல் கேள்வி எல்லோரும் முதலில் கேட்பது: ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு ஆகும்?

அந்தத் தொழிலில் அப்போது இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் வெளிப்படையாகப் பதில் சொன்னதில்லை, நேரில் வாருங்கள் பேசுவோம் என்பதுதான் வழக்கமாக இருந்தது. ஷெரிடன் எழுதினார். ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாதுதான், ஆனால் விலை எதனால் ஏறும் எதனால் இறங்கும், தோராயமாக எங்கிருந்து எங்கே வரை போகும் என்று விளக்க முடியும். அதைச் செய்தார். அதோடு நிற்காமல், தான் விற்கும் ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன குறைகள் என்றும் ஒரு பதிவு போட்டார். விலையைப் பற்றிய அந்த ஒரு கட்டுரை மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்பனையைக் கொண்டுவந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இந்த வழியில் ஈடுபாடு எங்கே தெரிகிறது என்று கேட்கலாம். பொறுமையில் தெரிகிறது. நூறு தடவை கேட்ட கேள்விக்கு நூற்றொன்றாவது தடவையும் முதல் தடவை மாதிரி முழுசாகப் பதில் சொல்கிறவர் தொழிலை விரும்பாதவராக இருக்க முடியாது. அப்புறம், தன் பொருள் யாருக்குச் சரிப்படாது என்று சொல்லத் துணிகிறவரை வாங்குகிறவர் நம்பத் தொடங்கிவிடுவார். "எங்கள் பை தினமும் மழையில் நனைகிறவர்களுக்கு ஏற்றதில்லை, அவர்கள் தார்ப்பாலின் பை வாங்குவது நல்லது" என்ற ஒரு வரி, பத்துப் பாராட்டுக் கடிதங்களைவிட அதிகம் செய்யும்.

இதற்கு எழுத்துத் திறமை பெரிதாக வேண்டியதில்லை, தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வந்த கேள்விகளைக் குறித்து வைத்தாலே போதும். தேடுபொறியில் மக்கள் தட்டுகிற கேள்வியும் இதுவாகவே இருப்பதால் வாசகர் தானாக வந்து சேர்வார். குறை என்னவென்றால், கொஞ்ச நாளில் எழுத்து கையேடு மாதிரி வறண்டுவிடும். அதைத் தவிர்க்க ஒரே வழி, பதிலுக்குள் வேலைக் குறிப்பைக் கலப்பது. "தோல் பையைத் தண்ணீரில் கழுவலாமா?" என்ற கேள்விக்குக் "கூடாது" என்று சொல்லி நிறுத்தாமல், கழுவிய பை ஒன்று திரும்பி வந்தபோது தோல் எப்படி விறைத்துப் போயிருந்தது, மடிப்பில் எங்கே வெடித்திருந்தது, எண்ணெய் ஊட்டி எவ்வளவு தூரம் மீட்க முடிந்தது என்று படத்தோடு காட்டுங்கள்.

கணக்கைத் திறந்து வைப்பது

வருமானம், செலவு, சம்பளம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுவது. இணையத் தொழில்களில் இதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. பஃபர் என்ற சமூக ஊடக மென்பொருள் நிறுவனம் 2013 டிசம்பரில் தன் ஊழியர்கள் அனைவரின் சம்பளத்தையும், அதைக் கணக்கிடும் சூத்திரத்தோடு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் சேவை ஊடுருவப்பட்டபோதும் என்ன நடந்தது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நிறுவனர் ஜோயல் காஸ்கோயின் தொடர்ந்து எழுதினார். இந்தத் துணிச்சல் பலரை ஈர்த்தது.

ஆனால் திறந்த கதவை நடுவில் சாத்த முடியாது. 2016-ல் பஃபர் பத்துப் பேரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டி வந்தபோது அதையும் காரணத்தோடும் கணக்கோடும் பொதுவில் எழுத வேண்டியிருந்தது. எழுதினார்கள், அந்த மட்டில் மரியாதைக்குரிய விஷயம். உங்களால் அது முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தின் எண்களை மட்டும் போட்டுவிட்டு மோசமான மாதத்தில் மௌனமானால், அந்த மௌனத்தை எல்லோரும் படித்துவிடுவார்கள். பங்குதாரர், முதலீட்டாளர், ஊழியர் என்று யாராவது இருந்தால் எண்கள் உங்களுக்கு மட்டும் சொந்தமானவை இல்லை, அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு ரூபாய்க் கணக்கைக்கூட வெளியே சொல்லக் கூடாது. பொருளை எளிதாக நகலெடுக்க முடியும் என்ற தொழிலிலும் இது வேண்டாம், லாபம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுத்ததாகிவிடும். தனியாளாக, கடன் இல்லாமல், மற்ற தொழில்முனைவோருக்கே விற்கிறவர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கருத்து

தொழில் இப்படித்தான் நடக்க வேண்டும், இது தப்பு, அது சரி என்று அடித்துச் சொல்வது. 37சிக்னல்ஸ் நிறுவனத்தைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. 1999-ல் இணையதளம் வடிவமைத்துத் தரும் நிறுவனமாகத் தொடங்கிய அவர்கள், சிறியதாக இருப்பதே நல்லது, தேவையில்லாத வசதிகளைச் சேர்க்காதே, கூட்டங்களைக் குறை என்று தங்கள் வலைப்பூவில் ஓயாமல் எழுதினார்கள். 2004-ல் பேஸ்கேம்ப் மென்பொருளை வெளியிட்டபோது அந்த வாசகர்களே முதல் வாடிக்கையாளர்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் சொன்ன கருத்தும் விற்ற பொருளும் ஒன்றாக இருந்தன. சின்னதாக இரு என்று எழுதியவர்கள் சின்ன மென்பொருளை விற்றார்கள்.

இதன் மறுபக்கமும் அதே நிறுவனத்தில்தான் நடந்தது. 2021 ஏப்ரலில், அலுவலகத் தளங்களில் அரசியல், சமூக விவாதங்கள் இனி வேண்டாம் என்று நிறுவனர் ஜேசன் ஃப்ரைட் ஒரு பதிவில் அறிவித்தார். சில நாட்களில் ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலகிப் போனார்கள். அவர் எடுத்த முடிவு சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. கருத்தை வைத்து ஆட்களைச் சேர்த்தால் கருத்தை வைத்தே ஆட்கள் போகவும் செய்வார்கள். தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகாதவர்கள் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது, சொல்வதற்குப் பின்னால் காட்ட வேலை இருக்க வேண்டும்.

சரி, இதில் எது உங்களுக்கு?

மெலிசா கார்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நன்றாக உதவும். தொழில்முனைவோரின் ஈடுபாடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்கிறார்கள். சிலருக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதில், சிலருக்கு நிறுவனத்தைத் தொடங்கி நிலைநிறுத்துவதில், சிலருக்கு அதை வளர்ப்பதில். மூன்றும் ஒருவருக்கே இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஒன்று ஓங்கியிருக்கும்.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க உங்கள் பேச்சையே கவனியுங்கள். நண்பர் ஒருவர் "தொழில் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? பொருளில் நேற்று தீர்த்த ஒரு சிக்கல் என்றால் நீங்கள் வேலைக் குறிப்பு எழுத வேண்டியவர். வாடிக்கையாளர் ஒருவர் சொன்னது, சந்தையில் பார்த்தது, புதிதாகச் சேர்ந்த ஆள் என்றால் கேள்வி பதில். எண்களும் இலக்குகளும் என்றால் கணக்கு. ஒன்றைத் தொடங்கி நிலைநிறுத்தியதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றால் பயணக் கதை, ஆனால் தீர்ந்துபோகும் என்று மேலே சொன்னதை மறக்க வேண்டாம். தன்னால் எதைப் பற்றி யாரும் கேட்காமலே அரை மணி நேரம் பேச முடியுமோ அதை விட்டுவிட்டு, மற்றவர்கள் எழுதுகிறார்கள் என்பதற்காக வேறு ஒன்றை எழுதுகிறவர்கள்தான் ஐந்தாவது பதிவோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றாக எழுதினால் தொழில் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு யாரும் தொடங்க வேண்டாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜொனாதன் ஷ்வார்ட்ஸ் 2004 முதல் வலைப்பூ எழுதினார், பெரிய நிறுவனத் தலைவர்களில் அப்படி எழுதியவர்கள் அப்போது மிகக் குறைவு. தெளிவாகவும் எழுதினார். அந்த நிறுவனம் 2010-ல் ஆரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. எழுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும், நம்பிக்கையைக் கொடுக்கும், பொருளும் வரவு செலவும் சரியாக இல்லாத இடத்தை அதனால் அடைக்க முடியாது.

நீங்களே எழுதுவதா, ஆள் வைத்து எழுதுவதா?

நேரமில்லை, எழுத வராது என்பவர்களுக்கு பில் மாரியட்டைக் காட்டுவேன். மாரியட் ஹோட்டல் குழுமத்தின் தலைவராக இருந்தவர், 2007-ல் வலைப்பூ தொடங்கும்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது, கணினியில் தட்டிப் பழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு செய்வார், ஊழியர்கள் அதை எழுத்தாக்கி ஏற்றுவார்கள். பேச்சு அவருடையது, தட்டச்சு வேறு ஒருவருடையது. இதில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் எழுத உட்கார்ந்தால் விறைத்துப்போகிற பலருக்கு இதுதான் சிறந்த வழி. கைப்பேசியில் பத்து நிமிஷம் பேசுங்கள், யாரையாவது எழுதித் திருத்தச் சொல்லுங்கள், கடைசியில் நீங்கள் ஒரு முறை படித்து "நான் இப்படிச் சொல்ல மாட்டேன்" என்று தோன்றும் வரிகளை மாற்றுங்கள்.

விஷயத்தையே வெளியில் விட்டுவிடுவது வேறு. 2006-ல் வால்மார்ட் வாகன நிறுத்தங்களில் தங்கியபடி அமெரிக்காவைச் சுற்றி வரும் ஒரு ஜோடியின் வலைப்பூ என்று ஒன்று வந்தது. அதற்குப் பணம் வால்மார்ட் தரப்பிலிருந்து போனது தெரியவந்ததும் பெரிய சர்ச்சையாகி, ஏற்பாடு செய்த எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு தூரம் யாரும் போகப் போவதில்லைதான். ஆனால் உங்கள் பெயரில் வருகிற பதிவில் உங்களுக்கே தெரியாத விஷயம் இருந்தால் அது அந்தப் பக்கம்தான் நகர்கிறது. எழுத்துக்கு இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களும் இதையே கவனிக்க வேண்டும். தையல், நூல், திரும்பி வந்த பை என்று விஷயத்தை நீங்கள் கொடுத்தால் அது வரிசைப்படுத்தித் தரும். ஒன்றும் கொடுக்காமல் "எங்கள் பையைப் பற்றி எழுது" என்றால் தரத்தில் சமரசம் இல்லை என்றுதான் எழுதும்.

எங்கே எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சொந்த முகவரியுள்ள சொந்தத் தளத்தில். போஸ்டரஸ் என்ற நல்ல வலைப்பூச் சேவையை 2012-ல் ட்விட்டர் வாங்கியது, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மூடிவிட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் போனது. லிங்க்ட்இன், மீடியம் போன்ற இடங்களில் புது ஆட்கள் கண்ணில் படுவார்கள் என்பது உண்மை, அதனால் முதலில் சொந்தத் தளத்தில் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து அங்கேயும் போடுங்கள். மின்னஞ்சலில் பதிவைப் பெற விரும்புகிறவர்களுக்கு ஒரு பட்டியல் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், எந்தத் தளம் மூடினாலும் அந்தப் பட்டியல் உங்களோடு இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி என்பதற்கு வேலையின் வேகமே அளவு. தினம் எழுதுகிற பிரபலங்களைப் பார்த்துத் தொடங்கிவிட்டு மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவதைவிட, மாதம் இரண்டு பதிவு, படத்தோடு, முழுசாக, என்பது பெரும்பாலான சிறுதொழில்களுக்குத் தாங்கும். ஏதாவது பழுதாகிறபோது, யாராவது வித்தியாசமாக ஒன்றைக் கேட்கும்போது, அந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்து இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் அந்த நுணுக்கம் நினைவில் இருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பதிவுகளையும் திறந்து பாருங்கள். நூல் மாறியிருக்கும், விலை மாறியிருக்கும், அன்றைக்குச் சரி என்று எழுதியதை இன்றைக்கு வேறு மாதிரி செய்துகொண்டிருப்பீர்கள். அழிக்க வேண்டாம், மேலே தேதி போட்டு என்ன மாறியது, ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள், பல நேரம் அதுவே அடுத்த வேலைக் குறிப்புக்குத் தொடக்கமாகிவிடும்.